வரிச் சட்டத்தில் இல்லாத ஒரு வரி



தலைப்பைப் பார்த்துட்டு கவிதைன்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது வருமான வரி பத்தின பதிவு. அதுக்காக ஓடிடாதீங்க. கூட பி.காம் படிக்கிறவங்களுக்கு ஒரு அஞ்சு மார்க் கேள்விக்காவது உதவும். வீட்டுல சின்னதா ஒரு தொழில் நடக்குதுன்னா அதைவிட அதிகமாவே உதவும்.

கேள்வி இதுதான். ஒரு சின்ன கம்பெனி தன்னோட பிராண்ட் பேரையும் லேபிளையும் டிரேட்மார்க்கா பதிவு பண்றதுக்கு பணம் செலவு பண்ணுது. அந்தப் பணம் வரிக் கணக்குல எங்க போகணும்? அந்த வருஷத்துச் செலவுன்னு லாப நட்டக் கணக்குல மொத்தமா எழுதிடலாமா? இல்ல, சொத்துன்னு இருப்புநிலைக் குறிப்புல ஏத்தி வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணுமா? நம்ம பாடப்புத்தக பாஷையில கேட்டா, இது வருவாயினச் செலவா, முதலினச் செலவா?

என் பதில்: வருவாயினச் செலவுதான். ஆனா நான் சொல்ல வந்தது அதோட முடியல. ரொம்பச் சின்ன முதலாளிகளுக்கு அதை எந்தக் கணக்குல எழுதினாலும் ஒரு பைசா வரி குறையாது. அதனால சர்க்கார் நிஜமாவே அவங்களுக்கு உதவணும்னு நினைச்சா, உதவி வரிக் கழிவுல இருக்கக்கூடாது, பதிவுக் கட்டணத்துலயே இருக்கணும். ஏன் இப்படிச் சொல்றேன்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல நடுவுல இருக்கு எங்க ஆமத்தூர். ஒரு பக்கம் விருதுநகரோட மல்லி, வத்தல், பருப்பு, எண்ணெய் வியாபாரம். இன்னொரு பக்கம் சிவகாசியோட தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த கதை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். தீப்பெட்டின்னா லேபிள் வேணும். லேபிள்னா அச்சகம் வேணும். அப்படித்தான் ஒண்ணைத் தொட்டு ஒண்ணு வளர்ந்துச்சு.

இந்தத் தொழில்கள்ல சரக்கு வித்ததே படத்தை வச்சுத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட "சேவல் மார்க் குடுங்க", "அணில் மார்க் குடுங்க"ன்னு கேட்டு வாங்கலாம். காளீஸ்வரி பட்டாசுன்னு சொன்னா தெரியாதவங்களுக்குக் கூட சேவல் படத்தைக் காட்டினா தெரியும். பெட்டிக்குள்ள இருக்கற மருந்தைப் பார்த்து யாரும் பட்டாசு வாங்கறதில்லை, மேல இருக்கற படத்தை நம்பித்தான் வாங்கறோம். அந்த நம்பிக்கைக்கு சட்டம் குடுக்கற பேர்தான் டிரேட்மார்க். நல்ல லேபிளை ஒரு நாள்ல அடிச்சுத் தர்ற அதே மெஷின், அடுத்தவன் லேபிளையும் ஒரு நாள்ல அடிச்சுத் தரும். அதனால பதிவுங்கறது இங்க பெரிய கம்பெனிக்காரங்க சமாசாரம் மட்டும் இல்ல.

இனி செலவு. டிரேட்மார்க்குல சரக்கையும் சேவையையும் 45 வகுப்பாப் பிரிச்சு வச்சிருக்காங்க. பட்டாசு 13ஆம் வகுப்பு. துப்பாக்கி, வெடிமருந்து எல்லாம் அதே வகுப்புதான். தீப்பெட்டி 34ஆம் வகுப்பு, புகையிலையோட சேர்த்து. காலண்டர் மாதிரி அச்சு சரக்கு 16. மசாலாப் பொடி 30. நல்லெண்ணெய் 29. ஒரே மனுப் போட்டாலும் கட்டணம் வகுப்புக்கு வகுப்பு தனி.

2017ஆம் வருஷ விதிகள்படி, ஆன்லைன்ல மனுப் போட்டா தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் நிறுவனங்களுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மத்தவங்களுக்கு 9,000. பதிவு 10 வருஷத்துக்கு நிக்கும். அப்புறம் புதுப்பிக்கணும். அதுக்கு ஆன்லைன்ல 9,000. இதுல சின்னவன் பெரியவன் வித்தியாசம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே ரேட். மசாலாவும் நல்லெண்ணெயும் ஒரே பேர்ல விக்கற ஆளுக்கு ஆரம்பத்துலயே 9,000 ஆச்சு. ஏஜென்ட் அல்லது வக்கீல் ஃபீஸ் தனி. யாராவது ஆட்சேபம் தெரிவிச்சா அந்தச் செலவு இன்னும் தனி.

1951லயே தீர்ந்த வழக்கு

இதுக்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கு. பம்பாய் ஃபின்லே மில்ஸ் வழக்கு. 1940ல இந்தியாவுக்கு முதல் டிரேட்மார்க் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பதிவுன்னு ஒரு ஏற்பாடே கிடையாது. ஒரு பேரை ரொம்ப நாளாப் பயன்படுத்தியிருந்தா அந்தப் பேர்ல உரிமை உண்டு, அவ்வளவுதான். ஃபின்லே மில்ஸ் ஏற்கனவே பயன்படுத்திக்கிட்டிருந்த மார்க்குகளைப் புதுச் சட்டத்துல முதல் தடவையாப் பதிவு பண்ணி, அந்தச் செலவை வரிக் கணக்குல கழிச்சாங்க. வருமான வரித் துறை "இது முதலினச் செலவு, கழிக்க முடியாது"ன்னு சொல்லுச்சு. பம்பாய் ஐகோர்ட் மில் பக்கம் நின்னுது. துறை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1951ல சுப்ரீம் கோர்ட்டும் மில் பக்கமே தீர்ப்பு சொல்லிடுச்சு.

காரணம் ரொம்ப எளிமையானது. மார்க் ஏற்கனவே மில்லோடதுதான். பதிவு பண்ணினதால புதுசா ஒரு சொத்து முளைக்கல. முன்னாடி யாராவது காப்பி அடிச்சா, "இந்த மார்க் என்னோடதுதான்"னு ஒவ்வொரு தடவையும் சாட்சி, ஆதாரம் எல்லாம் கொண்டு வந்து நிரூபிக்கணும். பதிவு இருந்தா சர்டிஃபிகேட்டைக் காட்டினாப் போதும், எதிராளிதான் மறுத்து நிரூபிக்கணும். ஆக, பதிவுங்கறது இருக்கற உரிமையைக் காப்பாத்தற வேலையைச் சுலபமாக்கற செலவு.

இதை நம்ம ஊர் பாஷையில சொன்னா, வயல் வேற, வயலுக்குப் போடற வேலி வேற. (வேலியே பல வருஷம் நிக்குமேன்னு கேக்காதீங்க. அதுக்கும் பதில் இருக்கு.)

"10 வருஷம் பலன் தருதே, அப்ப முதலினச் செலவுதானே?" இந்தக் கேள்வி நம்ம வகுப்புல வராம இருக்காது. நீடித்த பலன் தந்தா முதலினச் செலவுன்னுதான் நாம மனப்பாடம் பண்ணியிருக்கோம். ஆனா 1980ல எம்பயர் ஜூட் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது வேற. நீடித்த பலன்ங்கறது மட்டுமே முடிவு பண்ற அளவுகோல் கிடையாது. நிலையான மூலதனத்தைத் தொடாம, தொழிலை இன்னும் நல்லபடியா நடத்த மட்டும் அந்தப் பலன் உதவுதுன்னா, அது எத்தனை வருஷம் நீடிச்சாலும் வருவாயினச் செலவா இருக்கலாம்.

அதுக்காக சர்க்கார் ஆபீஸ்ல கட்டற பதிவுக் கட்டணம் எல்லாமே வருவாயினச் செலவுன்னு நினைச்சுடக்கூடாது. பங்கு மூலதனத்தைக் கூட்டறதுக்காக கம்பெனிப் பதிவாளர்கிட்ட கட்டற கட்டணம் முதலினச் செலவுதான்னு பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழக வழக்குல அதே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அங்க மூலதனமே பெருகுது. இங்க எதுவும் பெருகல.

அப்புறம் குழப்பம் எங்கிருந்து வருது?

ரெண்டு இடத்துல இருந்து வருது.

முதல் இடம் வருமான வரிச் சட்டம் 32ஆம் பிரிவு. 1998 ஏப்ரல் 1 முதல் வாங்கற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளுக்கும் தேய்மானம் உண்டுன்னு அந்தப் பிரிவு சொல்லுது. பேடன்ட், காப்புரிமை, டிரேட்மார்க், லைசென்ஸ்னு ஒரு பட்டியல். விகிதம் 25%, குறைந்து செல் மதிப்பு முறை. பட்டியல்ல டிரேட்மார்க்குங்கற வார்த்தையைப் பார்த்ததும் கை தானா எல்லா டிரேட்மார்க் செலவையும் சொத்துக் கணக்குக்குத் தள்ளிடுது. ஆனா அந்தப் பிரிவு பேசறது கையகப்படுத்தின சொத்தைப் பத்தி. அடுத்தவரோட மார்க்கை 5 லட்சம் குடுத்து எழுதி வாங்கினா, அது சொத்து. 25% தேய்மானம். சொந்தமா வச்ச பேரைப் பதிவு பண்ண 4,500 கட்டறதை அதோட சேர்க்கக்கூடாது.

(2025ல நிறைவேறின புது வருமான வரிச் சட்டத்துல, 2026 ஏப்ரல் 1ல இருந்து பிரிவு நம்பர் எல்லாம் மாறுது. தீர்ப்புகளும் நம்ம புத்தகங்களும் பழைய நம்பர்ல இருக்கறதால நானும் பழைய நம்பர்லயே சொல்றேன்.)

ரெண்டாவது இடம் கணக்கியல் தரநிலை 26. சொந்தமா உருவாக்கின பிராண்டை சொத்தாக் காட்டவே கூடாதுன்னு அது தெளிவாச் சொல்லுது. அதே தரநிலையில இன்னொரு இடத்துல, சொந்தமா உருவாக்கின சொத்தோட அடக்கத்துல சட்ட உரிமையைப் பதிவு பண்ற கட்டணமும் சேரும்னு இருக்கு. ரெண்டாவதை மட்டும் படிச்சா குழப்பம்தான். அந்த ரெண்டாவது விதி, சொத்தாக் காட்ட அனுமதி இருக்கற பேடன்ட் மாதிரி சமாசாரத்துக்கு. பிராண்டை முதல் விதியே வெளிய நிறுத்திடுது. சொத்துக்கே இடமில்லாதப்ப அதோட அடக்கத்துல எதைச் சேர்க்கறது?

எவ்வளவு காசு இதுல இருக்கு?

ஒரு கூட்டாண்மை நிறுவனம்னு வச்சுக்குவோம். அண்ணன் தம்பி ரெண்டு பேர், மசாலாப் பொடி. பதிவுக் கட்டணம் 4,500, ஏஜென்ட் ஃபீஸ் 5,500, மொத்தம் 10,000 (ஏஜென்ட் ஃபீஸ் நான் உதாரணத்துக்குப் போட்டது). கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30%, 4% செஸ் சேர்த்து 31.2%.

செலவா எழுதினா: அந்த வருஷமே 3,120 ரூபாய் வரி குறையும்.

சொத்தா எழுதினா: முதல் வருஷம் தேய்மானம் 2,500, வரி குறையறது 780. ரெண்டாம் வருஷம் தேய்மானம் 1,875, வரி 585. மூணாம் வருஷம் தேய்மானம் 1,406, வரி 439. மூணு வருஷம் சேர்த்து 1,804 தான். அந்தச் சொத்தை முதல் வருஷத்துல 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தியிருந்தா அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான், அதாவது 390 ரூபாய். 10 வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் கணக்குல இன்னும் 563 ரூபாய் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள புதுப்பிக்கற நாள் வந்துடும்!

"மூவாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேக்கலாம். ஒரு வகுப்புக்குத்தான் மூவாயிரம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு சரக்குன்னு மூணு வகுப்பு எடுத்தா கட்டணம் மட்டுமே 13,500. ஆட்சேபம், வழக்குன்னு வந்தா லட்சத்துல போகும். அந்த வழக்குச் செலவையும் இதே கேள்விதான் துரத்தும். தொழிலைக் காப்பாத்தறதுக்காக நடத்தற சிவில் வழக்குச் செலவு கழிக்கத் தக்கதுதான்னு சுப்ரீம் கோர்ட் ஏற்கனவே சொல்லியிருக்கு. அது நம்ம மதுரை ஸ்ரீ மீனாட்சி மில்ஸ் வழக்கு.

ஃபின்லே தீர்ப்பு முழுசாக் காப்பாத்தாத ரெண்டு பேர்

இங்கதான் புதுசாத் தொழில் தொடங்கறவங்க கவனிக்கணும்.

முதல் ஆள்: இன்னும் ஒரு பாக்கெட் கூட விக்காம, "பயன்படுத்தப் போறேன்"னு சொல்லி மனுப் போடறவர். டிரேட்மார்க் மனுவுல இதுக்குன்னே இடம் இருக்கு. எந்தத் தேதியில இருந்து பயன்படுத்தறோம்னு போடலாம், இல்ல இனிமேதான்னு போடலாம். ஃபின்லே தீர்ப்போட அடிப்படையே மார்க் ஏற்கனவே புழக்கத்துல இருந்துச்சுங்கறதுதான். புழக்கத்துலயே இல்லாத பேருக்கு, "பதிவுதான் உரிமையையே உருவாக்குது, அதனால இது முதலினச் செலவு"ன்னு துறை வாதாட ஒரு சந்து இருக்கு. எம்பயர் ஜூட் தீர்ப்பை வச்சு அதுக்குப் பதில் சொல்லலாம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா பதில் சொல்ற செலவு யாரோடது? அந்தச் சின்ன ஆளோடது.

ரெண்டாவது ஆள்: தொழிலே இன்னும் நிறுவப்படாத நிலைமையில மனுப் போடறவர். தொழில் நிறுவப்படறதுக்கு முன்னாடி ஆன செலவை சாதாரணமாக் கழிக்க முடியாது. நிறுவின நாள் வேற, வியாபாரம் தொடங்கின நாள் வேற, நிறுவினதுக்கு அப்புறம் ஆன செலவைக் கழிக்கலாம்னு 1954ல பம்பாய் ஐகோர்ட் வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் ப்ராடக்ட்ஸ் வழக்குல சொல்லியிருக்கு. நிறுவறதுக்கு முன்னாடி ஆகற சில செலவுகளை 35டி பிரிவு அஞ்சு வருஷமாப் பிரிச்சுக் கழிக்க விடுது. திட்ட அறிக்கை, சந்தை ஆய்வு, ஒப்பந்தம் எழுதற சட்டச் செலவு எல்லாம் அந்தப் பட்டியல்ல பேர் சொல்லி இருக்கு. டிரேட்மார்க் பதிவு இல்ல.

யோசிச்சுப் பாருங்க. "முதல்ல பேரைப் பதிவு பண்ணு, அப்புறம் கடையைத் திற"ன்னுதான் எல்லாரும் புத்தி சொல்றாங்க. அப்படி ஒழுங்கா நடந்துக்கறவனுக்குத்தான் வரிச் சட்டத்துல சந்தேகம் அதிகம். 20 வருஷம் பதிவு பண்ணாம ஓட்டிட்டு அப்புறம் பண்றவனுக்கு ஃபின்லே தீர்ப்பு கெட்டியா நிக்குது. இது தலைகீழ் இல்லையா?

எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம்: பூஜ்யம்

இதுவரைக்கும் பேசினது எல்லாம், ஒழுங்காக் கணக்குப் புத்தகம் எழுதி, லாபம் காட்டி, வரி கட்டற நிறுவனத்துக்கு. இப்ப அதைவிடச் சின்ன ஆளைப் பார்ப்போம்.

44ஏடி பிரிவு தெரியும்ல? வருஷ விற்றுமுதல் 2 கோடிக்குள்ள இருக்கற தனிநபர், இந்துக் கூட்டுக்குடும்பம், கூட்டாண்மை நிறுவனம் (எல்.எல்.பி கிடையாது) விற்றுமுதல்ல 8% லாபம்னு காட்டினாப் போதும். பேங்க் மூலமா வர்ற தொகைக்கு 6%. ரொக்க வரவு 5%க்குள்ள இருந்தா விற்றுமுதல் வரம்பு 3 கோடி. கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். சின்ன வியாபாரிக்கு இது நல்ல வசதி. ஆனா ஒரு நிபந்தனை. எல்லாக் கழிவும் ஏற்கனவே குடுத்தாச்சுன்னு அர்த்தம். 40 லட்சம் விற்றுமுதல், எல்லாம் பேங்க் வழியாவே வந்துச்சுன்னா லாபம் 2,40,000. டிரேட்மார்க்குக்கு 10,000 செலவு பண்ணினாலும் அதேதான். பண்ணலேன்னாலும் அதேதான். தேய்மானமும் அதுக்குள்ள அடக்கம்.

இன்னொண்ணு. 2025-26 நிதியாண்டுல இருந்து புது வரித் திட்டத்துல 12 லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கற தனிநபருக்கு, தள்ளுபடி போக வரியே கிடையாது. சந்தோஷமான செய்திதான். ஆனா வரியே இல்லாதவனுக்கு வரிக் கழிவு குடுத்து என்ன பிரயோஜனம்? முடி இல்லாதவனுக்கு சீப்பு குடுத்த மாதிரி.

இப்ப மூணு பேரை வரிசையா நிறுத்திப் பாருங்க. பெரிய பட்டாசுக் கம்பெனி பதிவுச் செலவு மொத்தத்தையும் செலவா எழுதி, தன் வரி விகிதத்துக்குத் தக்க பணத்தைத் திரும்ப எடுத்துக்கும். அண்ணன் தம்பி மசாலாக் கம்பெனி ஆடிட்டர் சரியா எழுதினா 3,120 எடுக்கும். வீட்டுல பொடி அரைச்சு பாக்கெட் போடற அக்கா 10,000 ரூபாயையும் தன் கையில இருந்தே போடணும், ஒரு ரூபாய் திரும்பாது. உதவி யாருக்கு அதிகமா வேணுமோ அவங்களுக்குத்தான் பூஜ்யம். பதிவு யாருக்கு அதிகமா வேணும்? அதே அக்காவுக்குத்தான். பெரிய கம்பெனிக்கு விளம்பரம், பழைய பில், பேப்பர் செய்தி எல்லாம் ஆதாரமா இருக்கும். பதிவு இல்லாமலே கூட வழக்குல நிக்க முடியும். அந்த அக்காகிட்ட சர்டிஃபிகேட் தவிர வேற என்ன இருக்கும்?

1999 டிரேட்மார்க் சட்டம் 134ஆம் பிரிவையும் இங்க சொல்லணும். பதிவு பண்ணின மார்க்கை யாராவது காப்பி அடிச்சா, மார்க்கோட சொந்தக்காரர் தான் தொழில் நடத்தற இடத்து மாவட்டக் கோர்ட்லயே வழக்குப் போடலாம். நமக்குன்னா ஸ்ரீவில்லிபுத்தூர். பதிவு இல்லாம வழக்குப் போட்டா இந்த வசதி கிடையாது. காப்பி அடிச்சவன் வடக்க எங்கயோ இருந்தான்னா நாமதான் அங்க அலையணும். சின்ன ஆளுக்கு பதிவோட நிஜமான மதிப்பு இதுதான்.

வெளிநாட்டுல எப்படி?

பிரிட்டன்ல இந்தக் குழப்பமே இல்ல. டிரேட்மார்க் பதிவுச் செலவைத் தொழில் லாபத்துல கழிக்கலாம்னு 2005ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்துலயே (90ஆம் பிரிவு) எழுதி வச்சுட்டாங்க. அமெரிக்கா நேர் எதிர். சொந்தமா உருவாக்கின மார்க்கா இருந்தாலும் 15 வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் கழிக்கணும். முன்னாடி 5 வருஷத்துல கழிக்க ஒரு பிரிவு இருந்துச்சு, அதையும் 1986ல எடுத்துட்டாங்க. ரெண்டும் எனக்கு ஒரு விதத்துல பிடிச்சிருக்கு. நல்லதோ கெட்டதோ, சட்டத்தைப் படிச்சா பதில் தெரியுது. நாம 75 வருஷப் பழைய தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கு. 2025ல சட்டத்தையே புதுசா எழுதினாங்க, எளிமையாக்கறோம்னு சொல்லித்தான் எழுதினாங்க. இந்த ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம்.

அப்ப என்ன செய்யணும்?

என் கோரிக்கை மூணு.

ஒண்ணு. "தன் தொழிலுக்கான வணிகக் குறியைப் பதிவு செய்ய, புதுப்பிக்க ஆகும் செலவு, தொழில் நிறுவப்படுமுன் செய்திருந்தாலும், கழிக்கத் தக்கது"ன்னு வரிச் சட்டத்துல ஒரே ஒரு வரி. மேல சொன்ன ரெண்டு பேருக்கும் இதுல விடிவு வந்துடும்.

ரெண்டு. வரியே கட்டாத சின்ன ஆளுக்குக் கட்டணத்துலயே சலுகை. உத்யம் பதிவு இருக்கற குறு நிறுவனத்துக்கு முதல் மார்க், முதல் ரெண்டு வகுப்பு வரைக்கும் பெயரளவு கட்டணம். "கட்டணத்தைக் குறைச்சா ஆளாளுக்கு நூறு பேரைப் பிடிச்சு வச்சுக்குவான்"னு சொல்றதுல நியாயம் இருக்கு. அதனாலதான் முதல் மார்க்குக்கு மட்டும் கேக்கறேன். மூணாவது வகுப்புல இருந்து இப்ப இருக்கற கட்டணமே இருக்கட்டும். புதுப்பிக்கற 9,000லயும் சின்னவனுக்குப் பாதி போட்டா என்ன குறைஞ்சுடும்?

மூணு. மத்திய சிறுதொழில் அமைச்சகத்துல 2022ல வந்த ஒரு திட்டத்துல டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய் வரைக்கும் திருப்பித் தர்ற ஏற்பாடு இருக்கு. நல்ல விஷயம். ஆனா முதல்ல கட்டணும், அப்புறம் மனுப் போட்டு வாங்கணும். திரும்ப வர்ற பணம் வரிச் சட்டப்படி வருமானம்னு கணக்குல வேற வரும். முன்னாடியே கழிச்சுக்கிட்டு மீதியை மட்டும் வாங்கினா ரெண்டு வேலை மிச்சம்.

சட்டம் மாறற வரைக்கும் நாம செய்ய வேண்டியது சில:

முடிஞ்சா ஒரு சின்ன விற்பனையாவது நடந்த பிறகு மனுப் போடுங்க. முதல் பில்லைப் பத்திரமா வைங்க. முந்தின பயன்பாடு இருக்குன்னு சொன்னா எப்படியும் அஃபிடவிட் கேப்பாங்க, அதுக்கும் உதவும். அதுக்காக ரொம்பக் காலம் தள்ளிப் போடாதீங்க, பேர் பறிபோனா வரி மிச்சமாகி என்ன பலன்?

கூட்டாண்மைத் தொழில்னா நிறுவனத்தோட பேர்லயே மனுப் போடுங்க. தனிநபர்னா 4,500 தானேன்னு ஒரு பங்காளி பேர்ல போட்டு, பணத்தை நிறுவனத்துல எடுத்தா, அது நிறுவனத்தோட செலவே இல்லேன்னு துறை கேக்கலாம். நாளைக்கு அண்ணன் தம்பி பிரிஞ்சா பேர் யாருக்குன்னு சண்டை தனி. உத்யம் பதிவு இலவசம். அதை எடுத்துட்டா நிறுவனத்துக்கும் அதே 4,500தான்.

ஏஜென்ட் ஃபீஸை பேங்க் மூலமாக் குடுத்து, நிறுவனத்தோட பேர்ல பில் வாங்குங்க. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அந்தச் செலவே கழிக்க முடியாமப் போகும். பில்லுல ஜி.எஸ்.டி இருந்து நீங்க காம்பொசிஷன் திட்டத்துல இருந்தா, அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. அதுவும் செலவோட சேரும்.

கணக்குல "டிரேட்மார்க் பதிவுக் கட்டணம்"னு தனித் தலைப்புல செலவா எழுதுங்க. யாராவது சொத்தாப் போடச் சொன்னா, ஃபின்லே மில்ஸ், 1951ன்னு சொல்லிப் பாருங்க.

இந்தப் பக்கத்துல உழைப்பு நிறைய இருக்கு. ஆனா பேர் எடுக்கறவங்க கொஞ்சம் பேர்தான். ஒரு பாக்கெட் மேல தன் பேரைப் போட்டு, அந்தப் பேர் தன்னோடதுதான்னு சொல்றதுக்கு ஒரு காகிதம் வாங்கணும்னு ஒருத்தர் நினைச்சா, கவுன்டர்லயே அவரை நிறுத்தி வைக்கற கட்டணமும் வேண்டாம், கவுன்டரைத் தாண்டினப்புறம் கைக்கு வராத கழிவும் வேண்டாம்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்ல, வக்கீலும் இல்ல, பி.காம் மாணவன். உங்க கணக்குக்கு உங்க ஆடிட்டரைக் கேளுங்க. கேக்கறப்ப இந்தத் தீர்ப்புகளையும் சேர்த்துக் கேளுங்க. :-)